முதல் கியரில் ஒரு மாத்திரை

என் அண்ணியின் கால் சும்மாவே இருக்காது. சாப்பாட்டு மேசையில் யாராவது தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டால் போதும், மேசைக்கு அடியில் அவள் கால் தரையை ஓங்கி அழுத்தும். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் கார்களில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கை நம்பித்தான் ஊரில் பாதிப்பேர் உயிரோடு நடமாடுகிறார்கள் என்று என் அண்ணன் சொல்வான். மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா.

பயிற்சிப் பள்ளி எங்கள் குடும்பத்துடையதுதான். பல் மருத்துவமனைக்குக் கீழே, கண்ணாடிக் கதவு போட்ட ஒற்றை அறை. சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சடித்த பெரிய அட்டை, அதற்குக் கீழே சாவி மாட்டும் கொக்கிகள், மேசையில் சந்திப்புகளை விளக்குவதற்கு ஒரு டப்பா நிறையப் பொம்மைக் கார்கள். மேலே பல்லைத் துளைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அண்ணன் வண்டிகளைப் பார்த்துக்கொள்வான், நான் போனை எடுப்பேன், கார்களில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொள்வது அண்ணி. வீட்டில் எனக்குப் பட்டாசு என்று பெயர். ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, போகப் போகத் தெரியும். நாத்தனார் எழுதுகிறாளே, குற்றம் சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தால் அதுவும் சரிதான், சொல்லத்தான் போகிறேன். ஆனால் வேறு யாராவது அவளைச் சொன்னால் தொலைத்துவிடுவேன்.

அண்ணியின் பாடம் எப்போதும் ஒன்றுதான். "மெதுவா. முதல் கியர் போடுங்க. வண்டி நகரட்டும். நகர்ந்ததுக்கப்புறம் ரெண்டு. உங்கள யாரு துரத்துறாங்க?" இதை நாள் முழுக்கச் சொல்வாள், குரல் ஏறவே ஏறாது. எதிரே லாரி வந்தாலும் அதே குரல்தான். ஆனால் தன் விஷயம் என்று வந்துவிட்டால் இந்தப் பொறுமையெல்லாம் எங்கே போகுமோ தெரியாது.

அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. பிசிஓஎஸ் என்பார்கள். மாதாமாதம் வரவேண்டியது வராது. தோன்றினால் வரும், இல்லையென்றால் பருவம் மாறியும் எட்டிப் பார்க்காது. கல்யாணமான புதிதில் இது எங்களுக்குத் தெரியாதே! நாள் தள்ளிப் போகிறது என்று கேள்விப்பட்டதும் என் அம்மாவுக்குத் தலைகால் புரியாது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஜாடைமாடையாகச் சொல்லிவிடுவாள். பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா கெட்டவள் இல்லை. மருமகளுக்கு அது வராமல் இருந்தாலே நல்ல செய்தி என்று நம்பிய அப்பாவி. அவள் அப்படி ஆசைப்பட்ட ஒவ்வொரு தடவையும் அண்ணி கூனிக் குறுகிப்போனது எனக்குத் தெரியும்.

அப்புறம் டாக்டர்கள். "எடையைக் குறைச்சிட்டு வாங்க" என்று ஒருவர். எப்படிக் குறைப்பது என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார். இன்னொருவர் ஏதோ மாத்திரை கொடுத்தார். அண்ணி கொஞ்ச நாள் சாப்பிட்டாள், அப்புறம் ஒரு மாணவிக்குத் தேர்வு நெருங்குகிறது, தலை சுற்றினால் சரிப்படாது என்று நிறுத்திவிட்டாள். அடுத்த மருந்தை அண்ணனுக்குக் காய்ச்சல் என்று நிறுத்தினாள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் இவள் ஏன் மாத்திரையை நிறுத்த வேண்டும்? தாடையில் முளைக்கும் முடியை மட்டும் விடிகாலையில், முதல் மாணவர் வருவதற்கு முன்னால், காரின் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு பிடுங்கிக்கொண்டிருப்பாள். ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். "பின்னாடி என்ன வருதுன்னு பாத்தேன்" என்றாள். நின்றிருக்கும் காருக்குப் பின்னால் என்ன வரும்?

இப்படியே போயிருக்கும். எங்களிடம் கார் கற்றுக்கொள்ள ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்ததால் போகவில்லை. சுரப்பிகள், ஹார்மோன் வைத்தியம் அவருக்கு. கிளினிக்கில் எப்படியோ, காரில் அவரைப் போல ஒரு நடுங்கியை நான் கண்டதில்லை. ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடித்துக்கொள்வார். சிவப்பு விளக்கில் நின்றால்தான் அவருக்கு மூச்சே வரும். அப்படி ஒருநாள் சிக்னலில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணியின் பிடரியைப் பார்த்திருக்கிறார்.

"மேடம், உங்க கழுத்துக்குப் பின்னாடி கறுப்பா பட்டை மாதிரி இருக்கே, எவ்வளவு நாளா?"

"வெயில்ல சுத்துறோம்ல டாக்டர். பச்சை விழுந்துடுச்சு, கிளட்ச் மிதிங்க."

"வெயில் பட்டா கழுத்து முழுக்கத்தானே கறுக்கணும்? மாசாமாசம் ஒழுங்கா வருதா உங்களுக்கு?"

பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்கின்றன. டாக்டரம்மா நகரவில்லை. பதில் வாங்கிய பிறகுதான் கிளட்சை மிதித்தாராம். எனக்கு அன்றிலிருந்து அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்ட அவருடைய கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். அண்ணியைத் தனியாக விட்டால் பாதி வழியில் யாருக்காவது பாடம் எடுக்கப் போய்விடுவாள். சின்ன அறை, எடை பார்க்கும் மெஷின், ஜன்னலோரம் வாடிய செடி ஒன்று. காரில் நடுங்கிக்கொண்டிருந்தவர் இங்கே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குச் சுகர் இல்ல. ஆனா இன்சுலின் ரொம்ப ஏறியிருக்கு. இன்சுலின் எதிர்ப்புன்னு சொல்லுவோம், கழுத்துல அந்தக் கறுப்பும் அதனாலதான். போன வாரம் எனக்குக் கிளட்ச் ஸ்லிப் ஆகுறதுன்னா என்னன்னு சொல்லிக்கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"எஞ்சின் உறுமும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆளு இன்னும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பான். இன்னும் உறுமும்."

"அதேதான். உங்க உடம்பு இன்சுலினைச் சுரக்குது, செல்லுக்கெல்லாம் அது உறைக்கல. அதனால இன்னும் சுரக்குது. அந்த உறுமல்ல சினைப்பை குழம்பிப் போகுது. கருமுட்டை ஒழுங்கா வெளிய வர்றதில்ல, அதனால பீரியட்ஸும் வர்றதில்ல. கொஞ்சம் சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டுது. உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லன்னு யாராவது சொல்லியிருந்தா அது தப்பு."

அண்ணி மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப நான் சோம்பேறி இல்லையா?" என்றாள். இத்தனை வருடமாக அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! விடிவதற்கு முன்னால் கிளம்பி, இருட்டும் வரைக்கும் பிறத்தியார் உயிரைக் காலில் கட்டிக்கொண்டு அலைகிறவள்! எனக்கு வந்த கோபத்தில் அந்த எடை மெஷினைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன்.

மெட்ஃபார்மின் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார். இரவுச் சாப்பாட்டோடு குறைந்த அளவில் ஆரம்பிக்க வேண்டும், வாரம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், வெறும் வயிற்றில் தொடவே கூடாது. கூடவே நடை, சாப்பாட்டில் மாற்றம். "சில பேருக்குச் சில மாசத்துல பீரியட்ஸ் தானா வர ஆரம்பிக்கும். வந்தா உடம்பு பேச்சைக் கேக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். நடுவுல நிறுத்தாதீங்க. அது ஒண்ணுதான் என் வேண்டுகோள்" என்றார்.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம், இந்த வயசுலேயே சுகரா?" என்றார். கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "சுகர் இல்ல. சுகர்காரங்களுக்கும் இதைக் கொடுப்பாங்க, இவங்களுக்கும் கொடுப்பாங்க. மாத்திரைய எடுங்க, அனுதாபத்த நீங்களே வெச்சுக்கோங்க" என்றேன். ஆனால் சேதி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நாங்கள் போய்ப் பார்த்தால் அம்மா சர்க்கரை டப்பாவைத் துணி அலமாரிக்குள் ஒளித்துவைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. புரிந்த பிறகும் டப்பா அலமாரியை விட்டு வரவில்லை. ரொம்ப நாளைக்கு என் சட்டையெல்லாம் எறும்பு.

இப்போது அண்ணி செய்த காரியத்தைச் சொல்கிறேன். உலகத்துக்கே முதல் கியர் போடச் சொல்லிக்கொடுப்பவள் அல்லவா? மெதுவாக ஏற்றினால் எப்போது வருவது என்று கணக்குப் போட்டாள். வேகமாகப் போய்ச் சேரலாம் என்று, கடைசி வாரத்துக்குச் சொன்ன முழு அளவையும் முதல் நாளே எடுத்தாள். அதுவும் இரவில் இல்லை. விடிகாலையில், ஒரு வாய் சாப்பிடாமல், வெறும் டீயோடு விழுங்கிவிட்டுக் காரில் ஏறிவிட்டாள். முதல் மாணவர் ஒரு வங்கிக்காரர். பரம சாது, கியர் மாற்றும்போதுகூட மன்னிப்புக் கேட்பவர்.

மேம்பாலத்தில் ஏறும்போது வயிற்றைப் புரட்ட ஆரம்பித்திருக்கிறது. "சார், கொஞ்சம் வேகமா போங்க" என்றாளாம் அண்ணி. அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை வங்கிக்காரர் கேட்டதே இல்லை. தன்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னும் மெதுவாகப் போனாராம்! "சார், வேகமா!" "இல்ல மேடம், எனக்கு விதி தெரியும்." "விதியாவது ஒண்ணாவது, மிதிங்க சார்!" பாலத்திலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்ட பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்தவைத்து, கதவைக்கூட மூடாமல் ஓடியிருக்கிறாள். போனவள் வருகிற வழியாக இல்லை. வங்கிக்காரர் பயந்துபோய் எனக்குப் போன் போட்டார். "மேடத்துக்கு என் மேல கோபம் போல, இறங்கிப் போயிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். குரல் அழுகிற மாதிரி இருந்தது.

மறுநாள் டாக்டரம்மா பாடத்துக்கு வந்தபோது நானே எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துவிட்டேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"மேடம், நிக்கிற வண்டிய நேரா நாலாவது கியர்ல எடுத்தா என்ன ஆகும்?"

அண்ணி தரையைப் பார்த்தாள். "குதிக்கும். குதிச்சு நின்னுடும்."

"உங்கள யாரு துரத்துறாங்க?"

அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்து சிரித்தான். ஸ்பேனர் அவன் மூக்கில் விழுந்தது. அப்புறம் நாங்களும் சிரித்தோம், அண்ணி எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

மறுபடியும் சரியாக ஆரம்பித்தாள். குறைந்த அளவு, இரவுச் சாப்பாட்டுக்கு நடுவில். அப்போதும் வயிறு உடனே அடங்கிவிடவில்லை. ஒவ்வொரு தடவை அளவை ஏற்றும்போதும் சில நாள் முரண்டு பிடிக்கும். அதற்கு நான் ஒரு வழி செய்தேன். பயிற்சிக்குப் போகும் தடங்களையெல்லாம் மாற்றினேன். எந்தத் தெருவில் போனாலும் பக்கத்தில் ஒரு சுத்தமான கழிவறை இருக்க வேண்டும். நூலகம், பெட்ரோல் பங்க், பெரிய கடை, ரயில் நிலையம், இப்படி. விளைவு என்னவென்றால், எங்கள் மாணவர்கள் ஊரிலுள்ள அத்தனை இக்கட்டான இடங்களிலும் வண்டியை நுழைத்து, நிறுத்தி, திருப்பி எடுக்கப் பழகிவிட்டார்கள். நிறுத்துவதில் எங்கள் ஆட்கள் தேறுவதுபோல யாரும் தேறவில்லை. பக்கத்துப் பயிற்சிப் பள்ளிக்காரர் வந்து என்ன ரகசியம் என்று கேட்டார். எங்கள் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு, "எல்லாம் அனுபவம்" என்றான். யாருடைய அனுபவம்!

மாதங்கள் ஓடின. வயிறு ஒருவழியாகச் சமாதானமானது. சாயங்காலம் ஆனால் இனிப்புக்கு அலைபாயும் அண்ணி, ஒருநாள் அம்மா நீட்டிய கேக்கில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அசதி குறைந்தது. பாடம் முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் பூங்காவைச் சுற்றி நடப்போம். நடக்கும்போதும் எதிரே வரும் நாயைப் பார்த்தால் அவள் கால் பிரேக்கைத் தேடும். இடுப்பில் இறுக்கிப் பிடித்த துணியெல்லாம் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் வரவேண்டியது மட்டும் வரவில்லை. நான் கேட்கமாட்டேன். அவள் குளியலறையிலிருந்து வரும்போது முகத்தைப் பார்ப்பேன், அவள் லேசாகத் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் பஸ் தேர்வுக்குத் தேதி வந்தது. அண்ணிக்குப் பஸ் என்றால் உயிர். சின்ன வயதிலிருந்தே ஆசை. விண்ணப்பித்துவிட்டு வெகுநாள் காத்திருந்த கனரக வாகனத் தேர்வு. ஊரைச் சுற்றி நீளமாக ஓட்டிக் காட்ட வேண்டும். தேதியைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தாள், சாப்பிடும்போது மாத்திரை அட்டையை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள்.

"என்ன அண்ணி, மேல வைக்கிறீங்க?"

"தேர்வு முடியட்டும். நடுவழியில வயித்த வலிச்சா என்ன பண்ணுறது?"

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அதான் இப்ப வயிறு நல்லாத்தானே இருக்கு? அளவை ஏத்த வேண்டாம், இருக்கிறதையே சாப்பாட்டோட போடுங்கன்னு டாக்டர்தான் போன்ல சொன்னாங்களே! எப்பப் பாத்தாலும் உங்களுக்கு ஒரு சாக்கு. அன்னிக்கு அண்ணனுக்குக் காய்ச்சல், இன்னிக்குப் பஸ். நாளைக்கு மழை பெஞ்சா அதுக்கும் நிறுத்துவீங்களா?"

அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நழுவினான். பெரிய வீரன். அம்மா என்னைப் பார்த்து வாயை மூடு என்று கையைக் காட்டினாள். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கால்கூட அசையவில்லை.

"உனக்குப் புரியல. நிறுத்திட்டேன்னா, சாப்பிடாததால வரலன்னு சொல்லிக்கலாம். ஒழுங்கா சாப்பிட்டு, நடந்து, எல்லாம் பண்ணியும் வரலன்னா? அப்ப என்னன்னு சொல்லிக்கிறது? எனக்குப் பயமா இருக்குடி."

பட்டாசு நமுத்துப்போயிற்று. இத்தனை காலமும் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் நாங்கள் நினைத்ததெல்லாம் இந்தப் பயம்தானா? அம்மாதான் எழுந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி மருமகள் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"வரலன்னா வரலன்னு சொல்லிக்கலாம். நீ தனியா சொல்ல வேண்டாம், நானும் சேந்து சொல்றேன். சாப்பிடும்மா."

அண்ணி சாப்பிட்டாள். தேர்வு நாள்வரை ஒருநாள்கூடத் தவறவில்லை.

பஸ் தேர்வில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காலி பஸ்ஸை ஓட்டிக் காட்டினால் செல்லாது. ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். பாரம் ஏறிய வண்டி திரும்பும் விதம் வேறு, நிற்கும் விதம் வேறு. அதனால் தேர்வுக்குப் போகிறவர்கள் தங்கள் பயணிகளைத் தாங்களே அழைத்துவர வேண்டும். ஓட்டத் தெரியாதவர் அழைத்தால் சொந்தக்காரன்கூட ஏறமாட்டான். பிரேக் அக்கா அழைத்தாள் என்றதும் பழைய மாணவர்கள் வந்து குவிந்துவிட்டார்கள். வங்கிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு வந்தார். அண்ணன் பின் இருக்கையில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொண்டான். அம்மா முதல் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேர்வாளர் நெட்டையான மனிதர், சிரிப்பை இரும்புப்பெட்டியில் பூட்டி வைத்தவர். "பயணிகள் ஓட்டுநரிடம் பேசக்கூடாது" என்றார். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

அண்ணி பஸ்ஸை எடுத்தாள். அடடா, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! அவ்வளவு பெரிய வண்டி, நகர்ந்ததே தெரியவில்லை. சந்தைத் தெருவின் குறுகல் வளைவில் பின் சக்கரம் நடைபாதையை உரசாமல் திரும்பியபோது வங்கிக்காரர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார், உடனே மன்னிப்பும் கேட்டார். அணைக்கட்டுச் சாலையில் ஏறினோம். அங்கேதான் கண்ணாடியில் அண்ணியின் முகம் மாறுவதைப் பார்த்தேன். உதட்டைக் கடித்தாள். ஒரு கை அடிவயிற்றுக்குப் போய்விட்டு ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

நான்தானே சண்டை போட்டுச் சாப்பிட வைத்தேன்! அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அண்ணி இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினாள். பிறகு தெளிவாக, பாடம் எடுக்கும் அதே குரலில் சொன்னாள்.

"சார், எனக்கு பாத்ரூம் போகணும். முன்னாடி பங்க் இருக்கு. நிறுத்துறேன்."

தேர்வாளர் எழுதுவதை நிறுத்தினார். "தேர்வு நடக்குதும்மா."

"தெரியும் சார். வலியோட ஓட்டினா அது தப்பு. நிறுத்துறதுதான் சரி."

சிக்னல் போட்டாள், கண்ணாடிகளைப் பார்த்தாள், பங்க்கின் ஓரத்தில் அந்த நீள வண்டியைக் கோடு போட்டதுபோல நிறுத்தினாள். கைபிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இறங்கினாள். ஓடவில்லை, நடந்தே போனாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் அவள் அந்த மாத்திரையைத் தொடவே மாட்டாள், அதற்குக் காரணம் நான்தான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

என் போன் அதிர்ந்தது. அண்ணியிடமிருந்து ஒரே வரி. "மாத்திரை இல்ல. வந்துடுச்சு. நாப்கின் வேணும்."

படித்தேன். மறுபடியும் படித்தேன். அப்புறம் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. இருக்கையின் மேலேயே ஏறி நின்றேன் என்று அண்ணன் சொல்கிறான்.

"வந்துடுச்சு! வந்துடுச்சும்மா! அண்ணிக்குத் தானா வந்துடுச்சு!"

"என்ன வந்துடுச்சு?" என்றார் தேர்வாளர் பதறிப்போய்.

"பீரியட்ஸ் சார்!" என்று கத்தினேன். ஒளித்துச் சொல்ல அது என்ன திருட்டுச் சொத்தா? டாக்டரம்மா எழுந்து, "அப்படிப் போடு!" என்று கையைத் தூக்கினார். பஸ்ஸில் இருந்த பெண்களெல்லாம் கைப்பைகளைத் திறந்தார்கள். நாலாபக்கமிருந்தும் நாப்கின்கள் கை மாறிக் கை மாறி என் மடியில் வந்து விழுந்தன, ஒரு வருடத்துக்குப் போதும். வங்கிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அண்ணன் பின் இருக்கையில் எழுந்து நின்றான், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். தேர்வாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார்.

நான் கழிவறைக் கதவைத் தட்டியபோது அண்ணி உள்ளே அழுதுகொண்டிருந்தாள். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டும்தான். "வலிக்குதுடி. நல்லா வலிக்குது" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் வலிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, இப்போது ஓட்ட முடியும் என்று தன் காலைத் தரையில் அழுத்திப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸின் படியில் அம்மா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். இவளுக்கு வராமலே இருக்கட்டும் என்று வருடக்கணக்கில் ஆசைப்பட்டவள், வாய் குழறிப் போய்ச் சொன்னாள்.

"மாசாமாசம் வரட்டும்டி என் தங்கம். தவறாம வரட்டும்."

அண்ணி அம்மாவின் தோளில் கொஞ்ச நேரம் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்புறம், "அத்தை, வழிய விடுங்க. தேர்வு நடக்குது" என்றாள்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு தேர்வாளரைத் திரும்பிப் பார்த்தாள். "ஃபெயில்னா ஃபெயில்னே எழுதிக்கோங்க சார். எனக்கு வருத்தமில்ல."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவசரத்துக்குப் பாதுகாப்பா நிறுத்தலாம்னு விதியிலேயே இருக்கும்மா. பாதி தூரம் பாக்கி இருக்கு. வண்டிய எடுங்க."

எடுத்தாள். திரும்பும் வழியெல்லாம் பஸ் ஒரே அமளி. பேசக்கூடாது என்ற விதியை மீறாத ஆள் இல்லை. டாக்டரம்மா அம்மாவுக்கு அடுத்த மாதம் என்ன எதிர்பார்க்கலாம், மாத்திரையை ஏன் தொடர வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார், அம்மா கைவிரலை மடித்து மடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் நிலையத்தில் அண்ணி வண்டியை நிறுத்தியதும் எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டு இறங்கினோம், ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டி நடந்துவிட்டோம். பாஸா ஃபெயிலா என்று கேட்க ஒருவருக்கும், அண்ணிக்கும்கூட, நினைவே வரவில்லை. தேர்வாளர்தான் காகிதத்தை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, "அம்மா, பாஸ்! நில்லுங்கம்மா, நீங்க பாஸ்!" என்று கத்த வேண்டியிருந்தது.